நாற்பத்தொரு கவரிங் லெட்டர்

ஜீவனஹள்ளி, பெங்களூர்
18-6-2001

அன்பு மகன் சீனுவுக்கு அம்மா வேதநாயகி எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மஸ்கட்டில் நீயும் மங்களமும் சின்னவனும் வெயிலில் அலையாமல் இருக்கிறீர்களா?

முதலில் நல்ல சேதிகள். உன் தங்கை பிரபாவின் பெரியவன் வெங்கி பூனாவில் பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டான். போய்வர ஆபீஸ் பஸ்ஸாம், பஸ்ஸுக்குள்ளேயே ஏசியாம். அவள் சின்னவள் ரக்ஷா பத்தாவதில் ஸ்கூலுக்கே இரண்டாவது, கணக்கில் நூற்றுக்கு நூறு. முதலாவது வந்த பெண் கணக்கில் தொண்ணூற்றாறுதான், அதை நான் விசாரித்துவிட்டேன். உன் சின்னவன் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியதை காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கீரைக்காரி வரைக்கும் சொல்லியாகிவிட்டது. எல்லாருக்கும் மேலே உன் பெண், நம்ம தாரணி. வேலூரில் எம்.சி.ஏ. முதல் வகுப்பு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவளின் பேத்தி!

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டியோடும் ஒரு ஃபைலோடும் வந்து சேர்ந்தாள். புதன்கிழமை பேப்பரில் வேலை விளம்பரம் மட்டும் எட்டுப் பக்கம் வருகிறது. பயோடேட்டாவுக்கு மேலே ஒரு கடுதாசி வைக்க வேண்டுமாம், கவரிங் லெட்டராம். அதை எழுதி அனுப்பினால் கூப்பிடுவார்களாம். ஒரு மாசத்தில் வேலைக்குப் போய்விடுவாள் என்று பக்கத்து வீட்டு மௌரீன் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். போனில் மூன்று நிமிஷத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடியும்? அதனால்தான் எழுதினேன். பதில் போடு.

அம்மா

மஸ்கட்
9-7-2001

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சௌக்கியம். முழங்காலுக்கு மங்களம் ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

தாரணி விஷயம். சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கெல்லாம் எழுத வேண்டாம். பெயர் உள்ள இடங்களுக்கு மட்டும் எழுதினால் போதும். ஜனவரியில் லீவில் வருவேன். அதற்குள் வேலை அமையாவிட்டால் அவளை என்னோடு இங்கே அழைத்து வந்துவிடுவேன். இங்குள்ள இந்தியப் பள்ளியில் நர்சரிக்கு டீச்சர் தேவைப்படுகிறது. வயசுப் பெண் மாசக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

விண்ணப்பக் கடிதம் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. என் மாதிரி ஒன்றை டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் பொருள் இது: “தங்கள் மேலான நிறுவனத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாக நம்பத்தகுந்தோர் மூலம் அறிந்து, மிகுந்த பணிவோடு என்னைத் தங்கள் கனிவான பரிசீலனைக்கு முன்வைத்து மன்றாடிக் கொள்கிறேன்.” 1979இல் பம்பாய் ஏஜென்ட் இருநூறு பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தது இந்த வாசகத்தால்தான். ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கள் மகன்
சீனு

ஜீவனஹள்ளி
30-7-2001

சீனு கண்ணுக்கு,

தைலத்தை யாராவது வரும்போது கொடுத்தனுப்பு, தபாலில் ஒழுகும். உன் கம்பெனி பேர் அச்சடித்த கவரைப் பார்த்தாலே தபால்காரர் தெருமுனையிலேயே “மஸ்கட்!” என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார். அந்தச் சத்தத்துக்காகவாவது அடிக்கடி எழுதலாம் நீ.

உன் மாதிரியைத் தாரணி இரண்டு தரம் படித்தாள். “ஆயா, இது வேலை கேக்கற மாதிரி இல்ல, ஜாமீன் கேக்கற மாதிரி இருக்கு” என்றாள். நான் திட்டினேன். ஆனாலும் மூன்று கடுதாசி அப்படியே அனுப்பினாள். பதில் இல்லை. பிறகு மௌரீன் டீச்சர் வந்து, ஒரு பக்கத்துக்கு மேலே போகக் கூடாது, எந்த வரியும் ‘நான்’ என்று தொடங்கக் கூடாது என்றாள். பிரிண்ட் எடுக்கிற கடை ரெமிஜியஸ், “அதெல்லாம் பழசு ஆன்ட்டி, ‘உங்க கம்பெனியை நெனச்சாலே எனக்குப் பரபரப்பா இருக்கு’ன்னு ஆரம்பிக்கணும்” என்கிறான். காக்ஸ் டவுனில் வேலை தேடுகிற அத்தனை பேருக்கும் அவன் கம்ப்யூட்டரில் அந்த ஒரே கடுதாசிதான். பேரை மட்டும் மாற்றுவான்.

இவள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள். அப்புறம் காகிதத்தைக் கசக்கிப் போட்டாள். “முதல் பத்தி அப்பா, நடுப்பத்தி ரெமிஜியஸ், கடைசிப் பத்தி மௌரீன் ஆன்ட்டி. இதுல நான் எங்க ஆயா இருக்கேன்?”

“என்னதான் எழுதியிருக்கே, தமிழில் சொல்லு” என்றேன். கடுமையாக உழைப்பவள், எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவள், எல்லாரோடும் ஒத்துப்போகிறவள் என்று படித்தாள். நீ எழுந்திருக்கிறதே எட்டு மணிக்கு, என்னோடயே ஒத்துப்போகவில்லை என்றேன். அதற்கு ஒரு முறை முறைத்தாள். எல்லாருமே இதைத்தான் எழுதுவார்களாம். எல்லாரும் எழுதுவதையே எழுதினால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டால் அதற்கும் கோபம்.

மொத்தம் பதினொன்று போயிருக்கிறது. கோந்து இல்லாத கவர், மைதா காய்ச்சி ஒட்டித் தபாலில் போடுவது என் வேலை. என்னால் ஆனது அதுதான். நீ கவலைப்படாதே. இவள் தைரியமாக இருக்கிறாள்.

அம்மா

மஸ்கட்
22-8-2001

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

பதினொன்றுக்கு ஒரு பதில்கூட இல்லை என்றால் கடிதத்தில்தான் கோளாறு. மூன்று மட்டும் அனுப்பிவிட்டு என் மாதிரி சரியில்லை என்று எப்படிச் சொல்கிறாள்? ரெமிஜியஸ் என்பவன் எத்தனை வருஷம் ஆபீசில் இருந்தான்? பணிவாக எழுதியவன் கெட்டுப்போனதில்லை. திரும்பவும் என் மாதிரியையே பின்பற்றச் சொல்லுங்கள். ஜனவரி நினைவிருக்கட்டும்.

சீனு

ஜீவனஹள்ளி
24-9-2001

அன்புள்ள அப்பாவுக்கு,

தாரணி எழுதறேன். இருமல் போயிடுச்சு, நல்லா இருக்கேன். அம்மாவுக்குத் தலைவலி எப்படி இருக்கு?

கோபப்படாம படிங்க. நான் சோம்பேறி இல்லப்பா. இதுவரைக்கும் இருபத்தாறு லெட்டர். எல்லாருக்கும் ரெண்டு வருஷ அனுபவம் வேணும். யாராவது வேலை குடுத்தாத்தானே அனுபவம் வரும்? “ஏன் எங்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தீர்கள்?”னு வேற எழுதச் சொல்றாங்க. பேப்பர்ல நாலு வரி விளம்பரம் பாத்தேன், அதனாலதான். அத எழுத முடியுமா? அதனால உங்க லட்சியம், என் லட்சியம்னு ஏதோ அடிச்சு விடறேன். படிச்சா எனக்கே வாந்தி வருது.

காலேஜ் லைப்ரரிக்கு நான் ஒரு புரோகிராம் எழுதினது ஞாபகம் இருக்கா? புக் தொலஞ்சா யார் கையில இருக்குன்னு காட்டும். இப்பவும் அங்க அதான் ஓடுது. அத மூணு வரியில பெருமையா எழுதினா பொய் மாதிரி இருக்கு. அடக்கமா எழுதினா ஒண்ணுமே செய்யாத மாதிரி இருக்கு. அந்த ஒரு பத்தியப் பதினெட்டு தடவ மாத்திட்டேன். போன வாரம் இன்னொரு கூத்து. ஒரு கம்பெனிக்கு எழுதின லெட்டர்ல வேற கம்பெனி பேர மாத்தாம விட்டுட்டேன். தபால்ல போட்டதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ‘உங்களிடம் மட்டுமே பணியாற்ற ஆசை’ன்னு வேற எழுதியிருக்கேன்.

அமெரிக்காவுல அந்தக் கட்டடங்க விழுந்ததுல இருந்து புதன்கிழமை பேப்பரும் இளச்சுப் போச்சு. எட்டுப் பக்கம் இருந்தது ரெண்டு ஆயிடுச்சு. ஆயா தினமும் கேட்டுல நின்னு தபால்காரரப் பிடிச்சு வெக்கிறாங்க. அவர் இப்பல்லாம் எதிர்ப் பக்கமா சைக்கிள ஓட்டிட்டுப் போயிடறாரு.

ஜனவரில என்னக் கூட்டிட்டுப் போயிடாதீங்கப்பா. நர்சரில பாட்டு சொல்லித் தர எனக்கு வராது. இந்த ஊர்லயே எங்கயாவது ஒரு நாற்காலி கிடைக்கும். இன்னும் கொஞ்ச நாள் குடுங்க.

உங்கள் தாரணி

ஜீவனஹள்ளி
29-10-2001

சீனு,

சுகமா என்று கேட்கத்தான் வேண்டும். ஒரு மாசத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் நான் சுகம் என்று எழுதினால் அது பொய்.

முந்தின திங்கட்கிழமை கோரமங்களாவில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். இத்தனை கடுதாசிக்கு முதல் அழைப்பு. தாரணி இஸ்திரி போட்ட சுடிதாரில் ஏழு மணிக்கே கிளம்பினாள். நான் மௌரீனிடம், பிரபாவிடம், தபால்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

அங்கே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்த அம்மாள் இவள் கடுதாசியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, “இதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதினீர்களா? குழம்பு சிந்தியிருக்கிறதே” என்று கேட்டாளாம். மற்ற இருவரும் சிரித்தார்கள். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்விக்கெல்லாம் திக்கித் திக்கிப் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வந்தபோது நான் அடுத்த கவரை ஒட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மஞ்சள் கிண்ணம்.

“என்ன பண்றே ஆயா?”

“நல்ல காரியத்துக்குப் போகிற கடுதாசி. நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் வெறுமனே அனுப்பலாமா?”

“எத்தனைக்கு வெச்சே?”

“எல்லாத்துக்கும்தான்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கல்யாணப் பத்திரிகையா ஆயா இது? ஐயோ, கல்யாணப் பத்திரிகையா?” என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். கத்தியிருந்தால் பரவாயில்லை.

உன் கல்யாணப் பத்திரிகைக்கும் பிரபா கல்யாணப் பத்திரிகைக்கும் நான்தான் உட்கார்ந்து வைத்தேன். உன் அப்பாவுக்கு ரயில்வேயில் புரமோஷன் கேட்டு எழுதினபோதும் வைத்தேன், கிடைத்தது. சும்மா கடுகளவு பொட்டுதான். ஈர மஞ்சள், இந்த மழைக்குப் பரவியிருக்கும்போல. அவள் ஒரு எழுத்துப் பிசகினால் முழுத்தாளையும் மறுபடி பிரிண்ட் எடுப்பாள். அந்தத் தாளில் போய் நான் தடவியிருக்கிறேன். முப்பத்திரண்டு கடுதாசியில்.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், “காபி இருக்கா?” என்றாள், அவ்வளவுதான். இப்போது கவரை அவளே ஒட்டி அவளே போய்ப் போடுகிறாள். நான் தபால் பெட்டி இருக்கிற பக்கமே போவதில்லை. இவள் வேலை என்னால்தான் தட்டிப் போனதா சீனு? நீ ஆபீசில் இருக்கிறவன், உனக்குத் தெரியும். மறைக்காமல் எழுது.

அம்மா

மஸ்கட்
2-12-2001

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மஞ்சளால் ஒன்றும் ஆகியிருக்காது. வருத்தப்படாதீர்கள். நல்ல கடிதம், சுத்தமான தாள், பணிவான வாசகம் எல்லாம் இருந்தும் பதில் வராமல் போவது இப்போது சகஜம். யாரும் படிப்பதே இல்லை. தாரணியைத் திட்ட வேண்டாம் என்று நானே சொல்கிறேன்.

ஒரு சின்ன உதவி. கோரமங்களாவில் கூப்பிட்டார்களே, அந்தக் கடிதத்தின் நகல் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். இங்கே என் நண்பர் ஒருவருக்குத் தேவைப்படுகிறது. வயது நாற்பத்தொன்பது. ஒரே இடத்தில் இருபத்திரண்டு வருஷம் டைப்பிங், ஃபைலிங் பார்த்தவர். இவ்வளவு வருஷத்தை ஒரு பக்கத்தில் எப்படி எழுதுவது, வயதைப் போடலாமா வேண்டாமா என்று தாரணிக்குத் தெரிந்தால் கேட்டு எழுதுங்கள்.

ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்ய வேண்டாம். லைன் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன்.

சீனு

ஜீவனஹள்ளி
19-12-2001

சீனுவுக்கு,

குளிர் வந்துவிட்டது, முழங்கால் ரொம்பப் படுத்துகிறது. மற்றபடி இருக்கிறோம்.

நகல் வைத்திருக்கிறேன். வயதைப் போடாதீர்கள், இருபத்திரண்டு வருஷத்தில் நீங்களே கண்டுபிடித்துச் செய்த இரண்டு காரியத்தை மட்டும் முதலில் எழுதுங்கள் என்று உன் நண்பருக்குச் சொல்லச் சொன்னாள். “அப்பா என்னோட லெட்டரக் கேட்டாரா? நெஜமாவா?” என்று மூன்று தரம் என்னைக் கேட்டாள்.

அந்த நண்பர் எந்த ஊர்க்காரர்? உன் கடுதாசிகளில் இதற்கு முன்னால் அவரைப் பற்றி ஒரு வரி இல்லையே. இந்தத் தடவை கவரில் கம்பெனி பேரும் இல்லை. தபால்காரர் “மஸ்கட்” என்று கூப்பிடவில்லை, கேட்டில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

தாரணி முப்பத்தெட்டு எழுதியாகிவிட்டது. அழைப்பு வேறு எதுவும் இல்லை. ஜனவரி வருகிறது என்று நான் அவளிடம் சொல்வதில்லை. அவள் காலண்டரைப் பார்ப்பதில்லை.

அம்மா

மஸ்கட்
21-1-2002

அம்மாவுக்கு,

பொங்கலுக்கு நினைத்துக்கொண்டேன். மங்களம் குக்கரில் வைத்தாள். எல்லாரும் நலம்.

லீவு கிடைக்கவில்லை. இப்போது வர முடியாது. தாரணியை அழைத்து வருவது பற்றியும் பேச வேண்டாம். ஆனால் அவளுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தால் நன்றாக இருக்கும். பெரிய கம்பெனிதான் என்றில்லை. எதுவானாலும் சரி.

நண்பர் நம் பக்கத்துக்காரர்தான். நல்லவர். தாரணி சொன்னபடி எழுத முயற்சி செய்தார். கைக்கு வரவில்லை. ‘நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன்’ என்று எழுதக் கூச்சமாக இருக்கிறதாம். பணிவாக எழுதியே பழகிவிட்டவர்.

சீனு

ஜீவனஹள்ளி
18-2-2002

என் மகன் சீனுவுக்கு அம்மா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை ஒப்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

தாரணிக்கு வேலை கிடைத்துவிட்டது. பானஸ்வாடியில் ஒரு மாடிமேல் சின்ன ஆபீஸ், மொத்தம் பதினோரு பேர். ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடுகிற புரோகிராம் செய்கிறார்களாம். முதலாளி கிருஷ்ணப்பா. நாற்பத்தொன்றாவது கடுதாசி. சேர்ந்த அன்றைக்கே இவள் சும்மா இருக்காமல், “என் லெட்டர்ல எது சார் உங்களுக்குப் பிடிச்சிருந்தது?” என்று கேட்டிருக்கிறாள். அவர், “லெட்டரா? அதை யாரும்மா படிச்சாங்க? அட்ரஸ் ஜீவனஹள்ளின்னு இருந்துது. முன்னே இருந்தவன் ஊரோட அந்தக் கோடி, கெங்கேரியில இருந்து வருவான், தினம் பதினோரு மணி. நீ நடந்தே வந்துடலாமே” என்றாராம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட அவிழ்க்காமல் நின்றாள். “பதினெட்டு தடவ மாத்தினேன் ஆயா. பதினெட்டு தடவ!” சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே எரிச்சலாகத்தான் இருந்தது. எட்டு மாசம் இந்த வீட்டில் அந்தக் கடுதாசியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. கடைசியில் பார்த்தால் வேலைக்கு எடுத்தது வீட்டு விலாசத்தைப் பார்த்து.

இந்தச் சேதியை உனக்குச் சொல்லாமல் அவளுக்குப் பொறுக்கவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லியும் ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டாள். ஒரு மலையாளத்துக்காரர் எடுத்து, “சீனு சார் ஆகஸ்டுலயே போயாச்சே, எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிடுச்சு, டைப்பிங் செக்‌ஷனையே எடுத்துட்டாங்க” என்றாராம்.

நான் டிசம்பரிலேயே நினைத்தேன், அந்த நண்பன் நீதான் என்று. கேட்க நாக்கு எழவில்லை. ஊரெல்லாம் என் பிள்ளை மஸ்கட் என்று சொல்லிச் சொல்லி, உன் வாயை நானேதான் அடைத்து வைத்திருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆகஸ்டில் நீ போட்ட அந்தக் கடுமையான கடுதாசியை எடுத்து இப்போது மறுபடி படித்தேன். அதைத் தாரணிக்கு எழுதவில்லை நீ, உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறாய்.

தாரணி ஒரு பாடு அழுதாள். அப்புறம் என் எதிரில் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்து, “அப்பா என்னென்ன செஞ்சிருக்கார், ஒண்ணு விடாம சொல்லு” என்றாள். தொலைந்துபோன கப்பல் ரசீதுகளை மூன்று நாளில் தேடி எடுத்ததைச் சொன்னேன். நாலு மேனேஜர்கள் மாறினார்கள், நாலு பேருக்கும் நீதான் வேலை சொல்லிக் கொடுத்தாய், அதைச் சொன்னேன். மீதியை மங்களத்தை வீட்டு நம்பரில் பிடித்துக் கேட்டாள். தன்னைப் பற்றி எழுத எட்டு மாசம் திண்டாடியவள் உன்னைப் பற்றி ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டாள். இத்துடன் வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் கையெழுத்தை மட்டும் போடு. அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். அங்கே சரிப்படவில்லை என்றால் இங்கே வா. இங்கேயும் விலாசம் ஜீவனஹள்ளிதான், நடந்துபோகிற தூரத்தில் யாராவது இருப்பார்கள்.

மௌரீனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று நீ சொல், அதையே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் செய். என்னிடம் இருப்பது நீ முதல் தடவை லீவில் வந்தபோது எடுத்த போட்டோ. ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுசாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. மங்களத்தையும் சின்னவனையும் பக்கத்தில் நிறுத்த வேண்டாம். நீ மட்டும். கோட்டு வேண்டாம், வீட்டில் போடுகிற சட்டையே போதும். சிரிக்கச் சொன்னால் சிரிக்காதே.

அம்மா